ஜாக்கெட் கடையில் சொன்ன விலாசம்

சொந்த விலாசத்தைச் சொல்லப் பயந்திருக்கிறீர்களா? நான் கெம்பஸில் இரண்டு வருஷம் பயந்தேன். "ஹட்டன் டவுன்தான் நம்ம ஊரு" என்று ரூம் நண்பர்களிடம் ஒரே பந்தா.

போன மாதம் அந்த இரண்டு பேரும், சுரேனும் ஃபர்ஹானும், என்னோடு நுவரெலியா சுற்ற வந்தார்கள். சந்தையில் குளிர் ஜாக்கெட் போட்டுப் பார்த்தோம். பிறகு பூங்காவில் பூவுக்குப் பூ நின்று படம் எடுத்தோம். அங்கேதான் என் அடையாள அட்டையைக் காணவில்லை என்று தெரிந்தது. சந்தைக்கே திரும்பி ஓடினோம்.

நான் போட்டுக் கழற்றிய ஜாக்கெட் பையில் அட்டை இருந்திருக்கிறது. கடைக்கார நானா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டோவுல தாடி இல்லயே தம்பி. அட்ரஸ சொல்லுங்க, தாறேன்."

நண்பர்கள் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். "அக்கரப்பத்தனை... கீழ்ப்பிரிவு... ஏழாம் நம்பர் லயம்" என்று முனகினேன். லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு; டவுனே இல்லை.

அட்டை கைக்கு வந்தது. திரும்பிப் பார்க்கவே கூச்சம்.

சுரேன் வெடித்துச் சிரித்தான். "டேய், லெக்சருக்கு எழுப்புறப்ப 'பெரட்டுக்கு நேரமாச்சு'ன்னு கத்துறவன் டவுன்காரனாடா? மொத வாரமே தெரியும்!"

தோட்டத்தில் விடியற்காலை வேலைக்கு ஆள் கூடுவதுதான் பெரட்டு. அதைத் தினமும் கத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

"எப்ப வீட்டுக்குக் கூப்பிடுவன்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம்" என்றான் ஃபர்ஹான்.

இரண்டு வருஷமாக அடக்கிய மூச்சை அங்கேதான் விட்டேன். யாரிடமிருந்து ஒளிந்தேனோ, அவர்கள் வாசலிலேயே காத்திருந்திருக்கிறார்கள்.

இப்போது இரண்டு பேரும் எங்கள் லயத்து அடுப்படியில் அம்மா சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் மிச்சம்.