எதையும் அழிக்காத வீடியோக்காரர்

கேமரா வாங்கிய வகையில் சங்கிலிமுத்து ஒரு காலத்தில் அறுபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அதை ஒற்றை ஆளாக நின்று அடைத்த கதையைச் சொல்லிக்கொண்டே, மேசையில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, பழுதுச் சத்தம் வருகிறதா என்று காதோரம் பிடித்துக் கேட்கிறார். கடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குக் கதை. யாரும் இல்லாவிட்டால் டிஸ்க்குகளுக்கு.

எம். புதுப்பட்டியில் கல்யாண வீடியோ கடை வைத்திருக்கிறார். வயது அறுபதைத் தொட்டுவிட்டது. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அதை ஒளிக்கிற ஆளில்லை. புதிதாக யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பார். "ஆறாப்புதான். ஆனா இந்த வட்டாரத்துல டிஜிட்டல் கேமரா மொதல்ல ஏறுனது இந்தத் தோள்லதான்" என்று தோளைத் தட்டிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் வந்தவருக்கு நாற்காலி.

வீடியோவை வெட்டி ஒட்டும்போது திரையில் தெரிகிறவர்களோடு சண்டை போடுவார். "ஏலே, தள்ளி நில்லுலே, பொண்ணு மறையுது!" "மதினி, எம்புட்டு நேரந்தான் திருநீறு பூசுவீக? பின்னால லைன் நிக்கி!" தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே பத்துப் பேர் இருப்பது போலத் தோன்றும். இருப்பது அவர் ஒருவர்தான்.

மற்ற வீடியோக்காரர்கள், ஆல்பத்தையும் பென் டிரைவையும் கொடுத்துக் காசு வாங்கியதும் எடுத்த காட்சிகளை அழித்து இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். அவரும் அப்படித்தான் இருந்தார், வேல்விழி சாகும் வரை. பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் போன பெண். அவளுடைய அம்மா மாரித்தாய், மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும் என்று ஆதார் அட்டையோடு வந்து நின்றார். அதிலிருந்த முகத்தைப் பெற்ற தாயே சிரமப்பட்டுத்தான் அடையாளம் காண வேண்டியிருந்தது. சங்கிலிமுத்துவுக்கு ஒரு கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. நல்லவேளை, அதை இன்னும் அழித்திருக்கவில்லை. ஓட்டிக் காட்டினார். இலை முன்னால் வேல்விழி. கேமரா தன் பக்கம் திரும்பியதும் இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள்: "அண்ணே, என்னைய எடுக்காதீக! வாய் பூரா சோறு!"

மாரித்தாய் அழவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னொருக்கா பேசச் சொல்லுங்கண்ணே" என்றார்.

அன்றிலிருந்து சங்கிலிமுத்து எதையும் அழிப்பதில்லை. சடங்கு, காதுகுத்து, பொங்கல், பந்தியில் இலை மடக்குகிறவர்கள், மண்டப வாசலில் செருப்புத் தேடுகிறவர்கள், எல்லாரும் அந்த டிஸ்க்குகளில் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுகிற பிழைப்பு.

இந்தக் கோடையில் அவருடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதே வாரம் ஒரு பட்டாசுக் கம்பெனி மேனேஜர் ஹரிஷ்குமார் தேடி வந்தார். கம்பெனியின் அத்தனை ஐட்டத்தையும் வெடித்துக் காட்டும் வீடியோ வேண்டும்; பெட்டியில் அச்சடித்த க்யூ.ஆர். கட்டத்தை போனில் காட்டினால் அது ஓட வேண்டும். 4K தரம், சீசனுக்கு முன்னால் முடிய வேண்டும். சங்கிலிமுத்து ஆயுசுக்கும் பார்க்காத ஆர்டர். ஆனால் பட்டாசுக் காட்சி சாதாரணமானதல்ல. பறக்கிற பொறி ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்குத் தனித்தனிச் சுமை. பழைய மெஷினில் ஒரு புஸ்வாணத்தை ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் பூத்திருக்கும்.

சீட்டு எடுத்த பணம் ஒன்றே முக்கால் லட்சத்தைத் துண்டில் முடிந்துகொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினார். டிஸ்க்குகளைத் துணியில் சுற்றி, கைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் கடை நவநீதகிருஷ்ணனுடையது; அப்பாவின் மிளகாய் வத்தல் குடோனில் முன்பாதியைத் தடுத்து எடுத்த கடை. நுழைகிறவர்கள் தும்மிவிட்டுத்தான் விலை கேட்பார்கள்.

"இருக்கதுலயே பெருசு போடுங்க தம்பி. சங்கிலிமுத்து மெஷின்னா நாலு பேரு வந்து பாக்கணும்."

"வந்து பாக்கட்டும்ண்ணே, டிக்கெட்டு போட்டுருவோம்" என்று சிரித்தபடி நவநீதகிருஷ்ணன் அடுக்கினார். இருபது கோர் ப்ராசஸர், அறுபத்து நாலு ஜிபி ராம், பெரிய கிராபிக்ஸ் கார்டு, சூடு தணிக்கப் பெரிய கூலர். "பட்டாசு வீடியோவுக்கு இந்தக் கார்டுதான் உசுரு. உங்க பணத்துல பாதி அதுக்கே போயிரும்."

"போகட்டும். இந்த டிஸ்க்குகளையும் அதுக்குள்ள மாட்டிக் குடுங்க. ஒண்ணு மட்டும் டொக்கு டொக்குங்குது."

நவநீதகிருஷ்ணன் அதை வாங்கிச் சோதித்தார். வேறு வயரில் போட்டார். மறுபடி சோதித்தார்.

"இது போயிருச்சுண்ணே."

"போயிருச்சுன்னா? ஒரு வருசப் பொங்கல் பூரா அதுலதான இருக்கு!"

"எடுக்க முடியாதுண்ணே. மத்ததும் வயசானதுதான். இப்பமே புதுசுல காப்பி எடுக்கணும், அதுவும் ரெண்டு ரெண்டா. ஒண்ணு போனா இன்னொண்ணுல இருக்கும். ஆனா அம்புட்டுக்கும் டிஸ்க்கு வாங்குனா கார்டுக்குப் பணம் இருக்காது." டிஸ்க்குகளை விரலால் எண்ணினார். "ஒண்ணு செய்ங்க. வேண்டாததை அழிச்சிருங்க. வேணுங்கறவுகள மட்டும் வைங்க."

சங்கிலிமுத்து டிஸ்க்குகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யார அழிக்கச் சொல்லுதீக தம்பி? அடுத்தாப்புல யாரு சாவான்னு எனக்குத் தெரியுமா?"

குடோனுக்குள் யாரோ மூட்டையை உருட்டும் சத்தம் கேட்டது.  நவநீதகிருஷ்ணன் எழுதிய தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு வேறு கணக்குப் போட்டார்.

"கிராபிக்ஸ் உள்ளயே இருக்கற ப்ராசஸரா நடுத்தரமாப் போட்டுக்கிடலாம். தனிக் கார்டு வேண்டாம். மிச்சத்துக்கு டிஸ்க்கு. கல்யாண வேலைக்குத் தாங்கும்ண்ணே. பட்டாசுக்குத் தாங்காது. உங்க ஆர்டர் இருக்கு, யோசிச்சுக்கிடுங்க."

சங்கிலிமுத்து கடை வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டு போனை எடுத்தார்.

"ஹரிஷ்குமார் தம்பியா? சங்கிலிமுத்து பேசுதேன். அந்த ஆர்டர வேற யாருக்காச்சும் குடுத்துருங்க... இல்லல்ல, ரேட்டு நல்ல ரேட்டுதான்... எவனும் ஒண்ணும் சொல்லல தம்பி." போனை மறு காதுக்கு மாற்றினார். "என்னால முடியாது. அம்புட்டுதான்."

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை நவநீதகிருஷ்ணன் கேட்டதில்லை. காதில் விழாதது போல, பில் போடத் திரும்பிக்கொண்டார்.

"பில்லு கெடக்கு. டிஸ்க்கையே போடுங்க. கைய நீட்டுங்க" என்றார் சங்கிலிமுத்து.

துண்டு முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எதிரே விரித்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. தாள்கள் உயர உயர நவநீதகிருஷ்ணன் மறு கையையும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். கடைசித் தாளையும் வைத்த பிறகு, சங்கிலிமுத்து தன் கையை அதன் மேல் அழுத்தி, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.