தள்ளிவிட்ட படங்கள்

லூனாஸ் ஊரில், ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பித்தப்பையை எடுக்கும் வீடியோக்களை ஒவ்வொரு படமாக நிறுத்தி, வெட்டலாம் என்ற இடத்துக்குப் பச்சையும், தொடவே கூடாத பித்தக்குழாய்க்குச் சிவப்பும் மவுஸால் தீட்ட வேண்டும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். பிறகு ஆப்பரேஷன் நடக்கும்போதே திரையில் தானாக வண்ணம் காட்டி மருத்துவருக்கு வழி சொல்லும். அதற்கு முன் நான் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தவள். எனக்குக் கிடைத்தது மூன்று நாள் பயிற்சி.

ரத்தமும், சதையைச் சுட்டு வெட்டும்போது எழும் புகையும் மூடிய படங்களை என்ன செய்வது என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன்.

"ஸ்கிப் பண்ணிடு லா தங்கச்சி. தெளிவா உள்ளது போதும்."

"ஆப்பரேஷன்ல ரத்தம் வராதாண்ணே?"

"அத டாக்டர் பாத்துக்குவாரு. நீ உன் வேலைய பாரு."

பார்த்தேன். அந்தப் படங்களை எல்லாம் தள்ளிவிட்டேன். என் மேல் எனக்கு இருக்கும் கோபம் அதற்குத்தான்.

போன வருடம் என் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். பாடாங் செராய் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் உரம் போடுகிறவள். வலியை மாத்திரை போட்டே மாதக்கணக்கில் ஓட்டியிருந்தாள். புதிய திரை ஒன்று வழிகாட்டும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி, அவளுக்கு ஆப்பரேஷன் செய்யவிருந்த பெண் மருத்துவர் ஒரு படத்தைக் காட்டினார். நான் தீட்டிய அதே பச்சை, அதே சிவப்பு. அதைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன்.

"ரத்தம் வந்தா இது என்னா காட்டும் டாக்டர்?"

"ஏன் கேக்குறீங்க?"

"அந்த மாதிரிப் படத்த எல்லாம் தள்ளிவிடச் சொன்னாங்க. நாந்தான் தள்ளினேன்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இத யாரும் எங்ககிட்ட சொல்லலையே," என்றார். "ஸ்கிரீன மட்டும் நம்பி வெட்டமாட்டேன்."

ஒரு மணி நேரத்தில் முடியும் என்ற ஆப்பரேஷன் நாலு மணி நேரம் போனது. வெளியே வந்த மருத்துவரின் முகம் வெளுத்திருந்தது.

"உள்ள ஒரே வீக்கம். ரத்தம் வந்துருச்சு. புகையில, பித்தக்குழாய் மேலயே ஸ்கிரீன் பச்சை காட்டுச்சு. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அத அணைச்சிட்டு வயித்தத் திறந்துட்டேன். அக்கா நல்லா இருக்காங்க."

நல்லாத்தான் இருந்தாள், விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் தையலோடு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

மறுநாளே மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு கேஸ்தானே லா," என்றார். "அக்கா பொழைச்சிட்டாங்கள்ல?"

"அடுத்தவங்க அக்காவுக்கு யாருண்ணே போய்ச் சொல்றது?"

"நீ டாக்டர்கிட்ட பேசினதே தப்பு. வெளிய பேசமாட்டேன்னு சைன் போட்டிருக்க."

அதன்பிறகு ஒரு படத்தையும் நான் தள்ளவில்லை. புகை மூடிய ஒவ்வொன்றிலும் 'தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினேன். ஒரே வாரத்தில் என் கம்ப்யூட்டர் கணக்கை மூடி, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "வேகம் பத்தலை," என்றார்கள்.

மருத்துவர் மருத்துவமனை நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். நானும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மருத்துவமனையில் திரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேறு எங்கெல்லாம் ஓடுகிறது என்று நிறுவனத்துக்கு வாராவாரம் எழுதிக் கேட்கிறேன். இதுவரை ஒரு பதிலும் இல்லை.