அவள் போகவில்லை என்று சொன்னேன்

அவள் திரும்பிப் போயிருக்கக் கூடாது. ஏழரை மணி நாடகத்தில் வருகிற பெண்ணைச் சொல்கிறேன். மூன்று வருசமாகப் பார்க்கிறேன். ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் போர்வைக்குள் இருந்து பார்த்தேன். அதனால் சொல்ல எனக்குப் பாத்தியம் உண்டு.

கட்டினவன் அவளைத் திருடி என்றான். சாமான் ரூமில் தள்ளிப் பூட்டினான். மாமியார் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் அந்த ரூமையே காட்டினார்கள். அப்புறம் வெளியே வந்தாள். இட்லிக் கடை போட்டாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவள் முதல் தடவை மேட்டில் வண்டி ஏற்றினதை மறுநாள் நான் சொன்னபோது, தேயிலைக் காட்டில் எங்கள் நெரையில் கைதட்டினார்கள். நெரை என்றால் நாங்கள் வரிசையாக நின்று கொழுந்து வெட்டுகிற இடம்.

இத்தனைக்கும் பிறகு போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை அவன் கார் மரத்தில் மோதியது. தலையில் கட்டோடு படுத்துக்கொண்டு அவள் பெயரைச் சொன்னான். ஓடினாள். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து நேராக அவன் வீடு. மாமியார் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். இவள் வலது காலை எடுத்து உள்ளே வைக்கிறாள். அந்தக் காலை ஐந்து தடவை காட்டினார்கள். முன்னால் இருந்து, பக்கத்தில் இருந்து, மேலே இருந்து.

முந்தின நாள் அவள் மாவு அரைத்து வைத்தாள். பெரிய அண்டா. அதையும் காட்டினார்கள். அந்த மாவு என்ன ஆச்சு? ஒருத்தரும் கேட்கவில்லை. எழுதுகிறவன் வீட்டில் மாவு அரைத்தது இல்லை போல.

என் மகளும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

மகள் வந்தது தை மாசம். காலை முதல் பஸ்ஸில் வந்தாள். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் இரண்டு சேலையும் ஒரு பூட்டும். அவள் வீட்டுக்காரன் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவானாம். கல்யாணம் ஆன நாலாம் மாசத்தில் இருந்து அப்படித்தானாம். எனக்குச் சொன்னதே இல்லை. போன் பண்ணும்போதெல்லாம் சாப்பிட்டியாம்மா என்றுதான் கேட்பாள். ஒரு நாள் உள்ளே மயங்கி விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் அம்மிக் குழவியால் கதவுக் கொண்டியை உடைத்தார். கொண்டி உடைந்தது. பூட்டு உடையவில்லை. அந்தப் பூட்டை அப்படியே எடுத்துக்கொண்டு மலை ஏறிவிட்டாள்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு பெண் புருசன் வீட்டை விட்டு வந்தால் சும்மா இருக்க மாட்டார்கள். எனக்குப் பக்கத்து நெரையில் ஓர் அக்கா. கீழ் லைனில் எஸ்டேட் கொடுத்த வரிசை வீடு. இருபது வருசம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்கிறோம். அக்காவின் மூத்தவளும் இப்படி வந்தவள்தான். ஆளாளுக்குப் பேசிப் பதினைந்து நாளில் திருப்பி அனுப்பினார்கள். நல்லா இருக்கறா என்று அக்கா சொல்லும். இரண்டாம் தடவை கேட்டால் எழுந்து போய்விடும்.

என் மகள் வந்தபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. காரணம் நாடகம். அதே மாசம்தான் அந்தப் பெண் இட்லிக் கடை திறந்திருந்தாள். "உன்ற மகளும் அவளாட்டமே, துணிச்சல்காரி" என்று அக்காவே சொன்னது. மகள் ஃபேக்டரியில் பாக்கிங்கில் டெம்பரரியாகச் சேர்ந்தாள். ஆறு மாசம் நிம்மதியாக இருந்தோம். அந்த நாடகத்துக்கு நான் நன்றி உள்ளவளாகத்தான் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

வியாழக்கிழமை காலையில் நான் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை என்னையக் கூப்புட அவங்க ஊட்டுல இருந்து வர்றாங்க. நானும் போயரட்டுமாம்மா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போகாதே என்று சொன்னால் அவள் என் பேச்சுக்காக இங்கே இருந்தது போல ஆகும். போ என்று சொல்ல வாய் வராது. அவள் அப்பா இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார்.

"நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

பன்னிரண்டாம் நம்பர் காட்டில் காட்டெருமை நின்றது. ஐந்து உருப்படி. அது போகிற வரைக்கும் கத்திரியை எடுக்க முடியாது. மேஸ்திரி எல்லோரையும் ரோட்டிலேயே நிற்கச் சொன்னார். மழை தூறியது.

இரண்டு நாளாகக் கீழ் லைனில் கரண்ட் இல்லை. காற்றில் கற்பூர மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது. போன் எல்லாம் செத்துக் கிடந்தன. மேல் லைனுக்கு மட்டும் ஃபேக்டரியில் இருந்து கரண்ட் வரும். மேல் லைனில் கொழுந்துக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஃபேக்டரிக்காரர்கள். கரண்ட் போகிற நாளில் நாடகக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நாலு வார்த்தையில் முடிந்துவிடும், வேலை கெடாது என்று அவர்களே எனக்குக் கொடுத்த வேலை அது.

அக்கா குடையோடு வந்து நின்றது.

"சொல்லு புள்ள. போனாளா?"

"யாரு?"

"யாரா? காட்டெருமையவா கேக்கறேன்? நம்ம புள்ளதான். ஆஸ்பத்திரிக்குப் போனாளா?"

"போனா."

"அப்புறம்?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். உள்ளதைச் சொல்லியிருந்தால் பத்து நிமிசத்தில் பேச்சு என் மகள் பக்கம் திரும்பியிருக்கும். எனக்குத் தெரியும்.

"பாத்தா. ஆரஞ்சுப் பழம் வெச்சா. மாமியா ஊட்டுக்குக் கூப்புட்டா. மாவு புளிச்சிரும், நான் வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டா."

"அப்படிப் போடு!" என்று பின்னால் இருந்து ஒருத்தி கத்தினாள். காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்த்தது.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "கட்டுனவன் கட்டோட கெடக்கறான். மாவு பெருசாப் போச்சா அவளுக்கு?"

"அரைச்சவ அவதானே அக்கா."

அக்கா குடையை மடக்கியது. காட்டெருமை இறங்கிப் போனது. நாங்கள் நெரை பிடித்தோம். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

அன்றைக்கு நாடகத்தில் அவள் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள். கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்கூட்டர் எங்கே நிற்கிறது என்றும் இல்லை. ஊட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டாள். இவள் எதற்குக் கேட்க வேண்டும்? பூட்டினவன் அவன். நான் டி.வி.யை நிறுத்திவிட்டேன். முதல் தடவை.

வெள்ளிக்கிழமையும் கரண்ட் வரவில்லை. நெரையில் மறுபடி கேட்டார்கள். நான் மாமியாரைப் பட்டுச் சேலையோடு இட்லிக் கடைக்கு அனுப்பினேன். அவள் சேலையைத் திருப்பிக் கொடுத்தாள். வந்தவளுக்கு நாலு இட்லி கட்டிக் கொடுத்தாள்.

"சட்னி வெச்சாளா?" என்று அக்கா கேட்டது.

"வெச்சா."

"அதாவது வெச்சாளே" என்று சொல்லி அக்கா சிரித்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அக்கா என் வாசலில் நின்றது. நல்ல சேலை கட்டியிருந்தது. மகள் உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, மாவு புளிச்சிருமா?"

நான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

"நேத்துப் பாத்தேன். அவ அங்க அவன் காலப் புடிச்சிட்டு உக்காந்திருக்கறா. நாலு நாளா அங்கதான் இருக்கறாளாமா. நான் கீழ் லைன் பூரா சொல்லி வெச்சேன். பட்டுச் சேலையச் சொன்னேன். சட்னியக்கூடச் சொன்னேன்டி! எல்லாரும் என்றகிட்ட வந்து சிரிக்கறாளுக."

"பொய்தான் அக்கா."

"கொழுந்து எடையில அரைக் கிலோ கூட வந்தாலே மேஸ்திரிகிட்ட ஓடிப் போய்ச் சொல்றவ நீ. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"நெசத்தச் சொன்னா நீங்க எல்லாரும் என்ற மகளைப் போகச் சொல்லுவீங்க. எனக்கு அவ போகக் கூடாது. அதான் சொன்னேன்."

உள்ளே டம்ளர் சத்தம் நின்றது. நான் அவளிடம் சொல்லாததை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கேட்டுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தண்ணீர்ச் சத்தம் வந்தது.

அக்கா போகவில்லை. "வர்றவங்க முன்னால ஒரு பெரியவ வேணும். நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டி அனுப்பறதுதான் முறை" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது.

மதியம் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்தார்கள். காரமடையில் இருந்து குன்னூர் வந்து பஸ் மாறி வந்திருந்தார்கள். சம்மந்தியம்மா கையில் பூவும் பழமும். மகள் டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சம்மந்தியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தது.

"ஏனுங்க சம்மந்தி, ஏழரை நாடகம் பாக்கறீங்களா?"

எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது.

"அந்தப் புள்ளயப் பாத்தீங்களா? எத்தனை பெரிய மனசு. என்ன நடந்தாலும் கட்டுனவன் ஊடுதானுங்களே நம்ம ஊடு."

"அதான் நானும் சொல்றேனுங்க" என்று அக்கா ஒத்து ஊதியது.

நான் சொன்னேன். "அவளைப் போகச் சொல்லி ஒருத்தன் எழுதிக் குடுத்தான், போனா. ராத்திரி நடிச்சு முடிச்சா அவ ஊட்டுக்குப் போயிருவா. அங்க பூட்டு இல்லீங்க."

அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

மாப்பிள்ளை சிரித்தான். "அத்தை, அது சும்மா திருட்டுப் பயத்துக்குப் பூட்டுனது. அதப் போய் இவ பெருசாச் சொல்லியிருக்கறா."

மகள் உள்ளே இருந்து வந்தாள். கையில் பூட்டு. உடைந்த கொண்டி அதிலேயே தொங்கியது. அவன் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "அட, இது இங்கயா இருக்குது?" என்றான். சட்டைப் பையில் கைவிட்டான். சாவிக் கொத்தை எடுத்தான். வண்டிச் சாவி, வேறு ஏதோ சாவி, அதோடு அந்தச் சின்னச் சாவியும் இருந்தது. போட்டுத் திருப்பினான். டக்கென்று திறந்தது.

"இன்னும் நல்லா வேலை செய்யுது" என்றான்.

அவன் அம்மா அவன் தொடையில் தட்டியது. அவனுக்கு எதற்கென்று விளங்கவில்லை. கொண்டியைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, பூட்டை மறுபடி அமுக்கிப் பூட்டினான். பழக்கம்.

அக்கா அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆறு மாசமா சாவிய வெச்சிருக்கீங்களா?"

"பத்திரமா வெச்சிருக்கறேனுங்க."

"ஊட்டுல ஆளே இல்லையே. பூட்டும் இல்லை. எதுக்கு?"

அவன் சாவிக் கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"நான் வரலீங்க" என்றாள் மகள். மாமியாரைப் பார்த்துத்தான் சொன்னாள். குரல் சாதாரணமாக இருந்தது. பாக்கிங்கில் பெட்டி எத்தனை என்று கேட்டால் சொல்லுகிற மாதிரி.

சம்மந்தியம்மா அழ ஆரம்பித்தது. பெரிய மனசு, குடும்பம், ஊர் என்று என்னென்னவோ சொன்னது. பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க பெரியவங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றது.

அக்கா முந்தானையை இழுத்துச் சொருகியது.

"டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. நாலு மணி பஸ்ஸ உட்டா அப்புறம் நடந்துதான் போகணும். வழியில காட்டெருமை நிக்குது."

போனார்கள். அவன் பூட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனான்.

அக்கா உடனே எழவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தது. "என்ற மூத்தவளுக்கு இன்னைக்கு ஒரு போன் போடணும்" என்றது. அப்புறம் எழுந்து போனது. குடையை மறந்துவிட்டது.

நாடகம் இப்பவும் ஓடுகிறது. நானும் பார்க்கிறேன். மூன்று வருசம் பார்த்ததை விட முடியவில்லை. அவள் இப்போது கழுத்து நிறைய நகையோடு மாமியாருக்குக் காப்பி கொண்டுபோகிறாள். ஒரு நாள் அந்தச் சாமான் ரூமைத் தாண்டித்தான் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னங்க ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, டி.வி. என்றேன்.

மகள் வேலை முடிந்து வந்ததும் கதவருகே நின்றே கேட்பாள்.

"வெளியில வந்தாளா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்குமா பாக்கறே? மாத்தட்டுமா?"

"இரு" என்பேன். "அந்த மாவை என்ன பண்ணுனாங்கன்னு பாக்கணும்."