பருப்பு அவிந்த கிணறு

மைசூர்ப் பருப்பு கரைந்து அவிகிறபோது வரும் வாசம், எங்கள் ஊரான சுருவிலில் எங்கள் வீட்டுக் குசினியில் மட்டுந்தான் ஒழுங்காக வரும் என்று சிறு வயதில் நம்பியிருந்தேன். அதில் உண்மையும் இருந்தது. அயலட்டைக் கிணறுகளெல்லாம் உவர். எவ்வளவு விறகு எரித்தாலும் அந்தத் தண்ணீரில் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் தோட்டத்து ஓரக் கிணறுதான் "நல்ல தண்ணிக் கிணறு". காலையில் குடங்கள் வரிசையாக வரும்; அப்பா, அந்தத் தண்ணீரைத் தானே செய்து வைத்தவர்போல, "அள்ளுங்கோ, அள்ளுங்கோ" என்பார். நாக்குக்கும் பருப்புக்கும் சரியென்றால் தண்ணீர் சரி. வேறு சோதனை எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

கிணற்றைச் சுற்றி அப்பாவின் வெங்காயத் தோட்டம். அதற்கு யூரியாவை அவர் கைகுறையாமல் வீசுவார்.

எனக்குப் பத்து வயதில் தங்கை தர்சினி பிறந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போனதால் அவளுக்குப் புட்டிப்பால்தான். அம்மாவோ தண்ணீரைக் கேத்திலில் பாதியாக வற்றும்வரை கொதிக்க வைத்துத்தான் பால்மா கரைப்பார். இரண்டாம் மாதத்தில் ஒரு காலை, குளிப்பாட்டித் துடைத்தபோது, பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. நகங்களும் அப்படியே. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவளை ஓட்டோவில் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் ஓடினோம். வழி முழுக்க அம்மா அந்த உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டதே, "எந்தத் தண்ணியிலை மா கரைக்கிறனீங்கள்?" என்றுதான்.

"எங்கட கிணத்துத் தண்ணி. நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனான்."

"கொதிச்சாக் கிருமிதான் சாகும் அம்மா. தோட்டத்து உரம் தண்ணியிலை இறங்கியிருந்தால் போகாது. வத்த வத்த இன்னும் கூடும். அதுதான் பச்சைப்பிள்ளையின்ரை இரத்தத்தை நீலமாக்கிப்போட்டுது."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

கருநீல மருந்தொன்றைத் தங்கையின் நரம்பில் ஏற்றினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் உதடு வெளுத்து, பிறகு சிவந்தது. பின்னேரம் அம்மா போட்ட கூச்சலில் வாட்டே திரும்பிப் பார்த்தது: பிள்ளை நீலப்பச்சையாக மூத்திரம் பெய்திருந்தாள். நேர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "அது மருந்தின்ரை நிறம் அம்மா. பயப்பிடாதேங்கோ, பிள்ளை தப்பிட்டுது." அம்மா அந்த நனைந்த துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உள்ளே போகவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் வாளியையும் கயிற்றையும் அவிழ்த்தார். பிறகு வாசல் படலையில் நின்று, குடத்தோடு வந்த ஒவ்வொருவரையும் மறித்து, "என்ரை உரந்தான் தண்ணியைக் கெடுத்துப்போட்டுது" என்று தன் வாயாலேயே சொன்னார். கடற்கரைப் பக்கத்திலிருந்து தண்ணிக்கு வரும் றோஸ் அக்கா இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றவர், குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"உப்பெண்டால் நாக்குச் சொல்லியிருக்குமே அண்ணை! என்ரை பிள்ளைக்கு?"

"தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்குப் பயமில்லையாம். டொக்டரிட்டைக் கேட்டுத்தான் வந்தனான்."

அக்கா பெருமூச்சு விட்டார். ஏச்சு விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். "அப்ப நீங்களும் தண்ணிக்கு எங்கை போறது? தூரத்துக் கிணத்திலை அள்ளேக்கை உங்களுக்கும் ஒரு குடம் கொண்டுவாறன்" என்றார். அப்பா குனிந்து, அவர் கீழே வைத்த குடத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இன்று எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் பவுசர் லொறி வந்து நிரப்புகிறது. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டாயிற்று. குடவரிசை இல்லை, அப்பாவின் "அள்ளுங்கோ" இல்லை. அந்தப் பெருமை போனதற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விட நான் தயாரில்லை.

போன மாதம் தர்சினி தன் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பவுசர்த் தண்ணீரில்தான் பால் கரைத்தாள், எல்லாம் சரி. ஆனாலும் அவள் அசந்த நேரம் பார்த்து, பிள்ளையின் உதட்டை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட நினைத்துத் தொட்டிலுக்குப் போனேன். தொட்டில் வெறுமையாக இருந்தது. அம்மா எனக்கு முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலடியில் நின்றார்.

"சிவப்புத்தான்" என்றார்.