மஞ்சள் தண்ணீர் பட்ட பெட்டி

மனைவியின் கருமாதி முடிந்து மகள் வெளிநாடு திரும்பிய மறுநாள் காலை, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பிறகு நீளமாக ஒரு பீப். சற்று இடைவெளி விட்டு மறுபடியும் ஒன்று. எழுந்து வர முடியாத யாரோ பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பது போல இருந்தது.

"அது என்னடா தம்பி கத்துது?" அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள். என் மனைவி இறந்ததும் எனக்குத் துணையாகச் சுருளிப்பட்டியிலிருந்து வந்து தங்கியிருந்தாள்.

"மெமரி கோளாறு."

"யாருக்கு?"

அந்தப் பெட்டிக்குள் என் மனைவியின் குரல் இருந்தது. மகளுக்குக் கடிதம் எழுத அவளுக்குச் சோம்பல். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசிப் பதிவு செய்வாள், நான் அனுப்பி வைப்பேன். கடைசியாகப் பேசியதை அனுப்புவதற்குள் ஆஸ்பத்திரி அலைச்சல் தொடங்கிவிட்டது. முன்பு போனவற்றையெல்லாம் மகள் கேட்டு முடித்ததும் அழித்துவிட்டிருந்தாள். அம்மா அடுத்த வாரமும் பேசுவாள் என்று நம்புகிற யாரும் செய்வதுதான். இங்கிருந்தபோது அதைப் போட்டுக் கேட்க மகளுக்கு மனம் வரவில்லை; கிளம்பும்போது சொன்னது ஒன்றைத்தான்: "அம்மா எனக்குப் பேசி வச்சிருக்கேன்னு சொல்லுச்சேப்பா. அதை மட்டும் அனுப்பிருங்க."

அரசாங்கத்தில் மின் பொறியாளராக ஆயுளைக் கழித்தவன் நான். எதற்கும் ஒரு முறை உண்டு என்று நம்புகிறவன். இறப்புச் சான்றிதழுக்கு எந்த மேசை, வாரிசுச் சான்றிதழுக்கு எந்த மேசை, அந்த மேசைக்காரர் எப்போது டீ குடிக்கப் போவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது அந்த அறிவுதான். என் மனைவி இறந்துவிட்டாள் என்பதைக் காகிதத்தில் ஒரு பிழையில்லாமல் நிரூபித்து முடித்திருந்தேன்.

பெட்டியை விற்ற தேனிக் கடைக்குப் போன் செய்தேன்.

"கொண்டாங்க சார். ஃபார்மட் அடிச்சிட்டா புதுசு மாதிரி ஆயிரும்."

திரையே வராத பெட்டிக்கு ஃபார்மட் அடிப்பது, தலைவலிக்கு மொட்டை போடுவது மாதிரி. ஆனாலும் அடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். போனை வைத்தேன்.

முதலில் மின் இணைப்பைப் பிடுங்கினேன். பெட்டியின் பக்கத் தகடு எந்தக் காலத்திலோ கழற்றப்பட்டு அலமாரி மேல் கிடந்தது. சின்னமனூர் வெக்கைக்கு இங்கே பலர் வீட்டிலும் அப்படித்தான். பெட்டியைத் திறந்துபோட்டு, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிடுவோம். டார்ச் அடித்துப் பார்த்தேன். மெமரி கார்டு செருகியிருந்த இடத்தைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக மஞ்சள்.

"அக்கா, தீட்டுக் கழிக்கையில இதுமேலயும் தெளிச்சியா?"

"வீடு பூராத்தான் தெளிச்சேன். பீரோ, கட்டிலு, மிக்சி எல்லாத்துலயும். இது மட்டும் என்ன, விருந்தாளியா?"

"வெறும் மஞ்சத்தண்ணியா?"

"கோமியம் கலக்காம எப்படிடா தீட்டுக் கழியும்?"

திறந்து கிடக்கும் மின்சுற்றில் உப்புத் தண்ணீர். இதைவிட நல்ல விஷத்தை நானே யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அக்கா அறை வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"அவ இங்கனதான் உக்காந்து ஒத்தையில பேசிக்கிட்டிருப்பா. போற உசுரு இங்கனயே தங்கிரக் கூடாதுல்ல? அதான் இதுல ஒரு கை கூடவே தெளிச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "அனுப்பி வச்சவள மறுபடி இழுக்காத தம்பி. அவளுக்கு ஆகாது."

"மகளுக்கு வேணும்க்கா."

அக்கா வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

மெமரி கார்டை எடுத்து, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன். மனைவிக்கு ஊசி போட வாங்கிய ஸ்பிரிட் மீதமிருந்தது. பஞ்சில் நனைத்து மஞ்சளைத் துடைத்தபோது அறை முழுவதும் அவளுடைய கடைசி வாரத்தின் வாடை. நன்றாகக் காயவிட்டு, கார்டைச் செருகி, இணைப்பைக் கொடுத்துப் பொத்தானை அமுக்கினேன். பீப். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கார்டை அடுத்த பள்ளத்துக்கு மாற்றிச் செருகினேன். அமுக்கினேன். பீப் வரவில்லை. அந்த அமைதி முந்தைய சத்தத்தைவிட மோசமாக இருந்தது. பிறகு திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

கோப்பு இருந்தது. திறந்தேன்.

முதலில் மூச்சு மட்டும். அப்புறம் அவளுக்கே உரிய செருமல்.

"ஆத்தா, சாப்பிட்டியா? இங்க ஒரே காத்து. உங்க அத்தை வந்திருக்காக. திராட்சை வெட்டுற நேரத்துல மழை வந்துருமோன்னு வானத்தை வஞ்சுக்கிட்டிருக்காக. உங்கப்பாவா? அவருக்கென்ன, ஃபியூஸ் போன பல்புக்குக்கூட மனு எழுதிக்கிட்டிருக்காரு..."

அக்கா உள்ளே வந்திருந்தாள். அன்றும் மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. சன்னல் கதவு படபடத்தது. ஸ்பீக்கரிலும் அதே இரைச்சல். பேசிக்கொண்டிருந்தவள் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பியது கேட்டது. என் அக்காவை அவள் மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

"மதினி, அந்தச் சன்னலச் சாத்துங்க. இரைச்சல்ல பிள்ளைக்கு ஒண்ணும் கேக்காது."

அக்கா போய்ச் சன்னலைச் சாத்தினாள்.

கொக்கியையும் மாட்டினாள். அறையில் ஒரு சத்தம், ஸ்பீக்கரில் ஒரு சத்தம். எது முந்தியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. காற்று இரண்டு இடத்திலும் நின்றது.

"ஆங், இப்ப சரி," என்றாள் என் மனைவி.

அக்கா கொக்கியிலிருந்து கையை எடுக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பதிவை நிறுத்தப் போன என் கையைப் பார்க்காமலே சொன்னாள்:

"நிப்பாட்டாத. சொல்லி முடிக்கட்டும்."

அன்று மாலை டயல்-அப் இணைப்பில் அந்தக் கோப்பு மகளை நோக்கி ஊர்ந்து போனது. அது போய்ச் சேரும்வரை அக்காவும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அறை புழுங்கியது. சன்னலைத் திறக்க எங்கள் இருவருக்கும் துணிவு வரவில்லை.