கமலவேணியின் கண்ணில் நின்றவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. மலாக்காவில், காஜா பேராங்கில், பட்டப்பகலில் நடந்தது. அனுபவித்தவர் தேவதாஸ். இன்றைக்கும் அவர் யாரையாவது படம் எடுத்தால், "கேமராவைப் பார்க்காதீங்க, வேற எங்கயாச்சும் பாருங்க" என்றுதான் சொல்வார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரே ஒரு முறை முழுவதையும் சொன்னார்.

1957, ஜூலை மாதம். மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திர நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. தேவதாஸ் அப்போது ரப்பர் கம்பெனி ஒன்றில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. மனைவி கமலவேணி ஏழு மாதக் கர்ப்பிணி. காஜா பேராங் சாலையில் குறுகலாக நீண்டு கிடந்த ஒரு பழைய வீட்டின் பின்பாதிக்கு இருவரும் புதிதாகக் குடிவந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போட்டோ வகுப்புக்குப் போவார். யோ என்ற சீனர் தன் ஸ்டூடியோ மாடியில் அதை நடத்தினார். படம் எடுப்பதைவிட எடுத்த படத்தைப் படிப்பதுதான் அங்கே பெரிய பாடம். ஒருவர் எடுத்த படத்தைச் சுவரில் குத்தி வைப்பார்கள். எடுத்தவர் வாயே திறக்கக் கூடாது. மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? எடுத்தவர் எங்கே நின்றார்? படத்தில் இருப்பவர் எதைப் பார்க்கிறார்?

அந்த வாரப் பயிற்சி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முகம்.

தேவதாஸிடம் சொந்தக் கேமரா இல்லை. போட்டோ வகுப்பில் கூடப் படித்த தமிழ்ப்பள்ளி வாத்தியார் சேதுராமனிடம் இரவல் வாங்கினார். கழுத்தில் மாட்டிக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா அது. பின்கட்டு அறையில் ஒரே ஜன்னல். கமலவேணியை அதற்கு எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தார். ஜன்னல் கம்பியில் முதுகு உரச, தான் நின்றுகொண்டார். குனிந்தார். கேமராக் கண்ணாடியில் அவள் முகம் அழகாக விழுந்தது.

"கொஞ்சம் சிரி லா, வேணி."

அவள் சிரிக்கவில்லை.

"என்னைப் பாரு."

"சத்தம் போடாதீங்க..." என்றாள். ரகசியம் சொல்வதுபோல் இருந்தது குரல்.

வெட்கம் என்று நினைத்துக்கொண்டார். குனிந்த தலை நிமிராமல் ஆறேழு படம் எடுத்து முடித்தார்.

அன்றிலிருந்து கமலவேணி மாறிப்போனாள். முன்பெல்லாம் அவளுடைய குரல் எதிர்வீட்டுக்குக் கேட்கும். அவள் இப்போது கிசுகிசுத்தாள். பாத்திரத்தைத் தரையில் வைக்கும்போது அடியில் மடித்த துணியைப் போட்டாள். சுதந்திர ஊர்வலத்துக்குப் பேண்டு வாத்தியக்காரர்கள் தெருவில் வாசித்துப் பழகிக்கொண்டு போனபோது, ஜன்னலைச் சாத்திவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன வேணி, உடம்புக்கு முடியலையா?"

"மெதுவா பேசுங்க."

பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு. அவர் படம் சுவருக்குப் போனது. நல்ல படம். யோவே தலையாட்டினார். வெளிச்சம் நேர் எதிரே இருக்கும் ஜன்னலிலிருந்து வருகிறது என்றார் ஒருவர். எடுத்தவர் ஜன்னலை மறைத்து நிற்கிறார் என்றார் இன்னொருவர். சேதுராமன் மட்டும் கிட்டே போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு எடுத்தவரைப் பார்க்கல."

"வேற எங்க பார்க்குது?" என்றார் யோ.

"எடுத்தவருக்குப் பக்கத்துல. யாரோ நிக்கிறாங்க. அவங்கள பார்க்குது."

தேவதாஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சேதுராமன் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக் கமலவேணியின் கருவிழிமேல் வைத்தார்.

"நீங்களே பாருங்க, தேவா."

பார்த்தார். கருவிழிக்குள் வெள்ளையாக ஒரு சதுரம். அது ஜன்னல். சதுரத்துக்குள் கறுப்பாக, குனிந்த ஓர் உருவம். அது அவர்தான்.

அதன் தோளுக்குப் பின்னால்... நிமிர்ந்த இன்னோர் உருவம்.

முதுகுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே கைநுழைய இடமில்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கூட யாரு நின்னா?"

"யாரும் இல்லண்ணே. நானும் அவளும்தான்."

யோ இருட்டறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

கீழே இருட்டறை. தேவதாஸும் சேதுராமனும் மட்டும். சிவப்பு விளக்கு. குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம். டப்... டப்... மிச்சமிருந்த நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கண்ணை மட்டும் பெரிதாக்கிக் காகிதத்தில் இறக்கினார்கள்.

இரண்டாவது படம். மருந்துத் தண்ணீரில் காகிதம் மெல்லக் கறுத்தது. குனிந்த உருவம். பின்னால் நின்றது இப்போது அவருக்குப் பக்கத்தில் இருந்தது. தோளோடு தோள். ஒரு பெண். முடி அவிழ்ந்து கிடந்தது.

மூன்றாவது படம். அவருக்கு முன்னால் வந்துவிட்டாள்.

நான்காவது. இன்னும் முன்னால். அவருடைய உருவத்தில் பாதி மறைந்துபோயிருந்தது.

"போதும் தேவா..."

தேவதாஸ் கேட்கவில்லை. கடைசி நெகட்டிவை மாட்டினார். காகிதத்தைத் தட்டில் போட்டார்.

டப்... டப்...

ஜன்னல் வரவில்லை. குனிந்த உருவம் வரவில்லை.

கருவிழி முழுக்க ஒரு முகம். கமலவேணியின் மூக்குக்கு நேரே குனிந்து பார்க்கும் முகம். ஒட்டிய கன்னம். வாயின் குறுக்கே... ஒரு விரல்.

பேசாதே என்று சொல்லும் விரல்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டில் கமலவேணி தனியாக இருக்கிறாள்.

சைக்கிளை எப்படி மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. சேதுராமன் பின்னாலேயே வந்தார். நல்ல வெயில். சாலையின் குறுக்கே கொடித்தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிற்கவில்லை.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. பின்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினார். ஜன்னல் அடைத்து, அறை இருட்டாக இருந்தது.

கமலவேணி தரையில் இருந்தாள். ஜன்னலை ஒட்டிய சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி, வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. உடம்பை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தாள். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல.

"வேணி!"

அவள் விரலை வாய்மேல் வைத்தாள்.

"வேணி, அங்க யாரு?"

"அன்னிக்கு நீங்க படம் எடுக்கறப்போ உங்க பின்னால நின்னாங்களே... உங்க வகுப்புக்காரங்கன்னு நெனச்சேன்." குரல் காற்றைப் போல வந்தது. "தெனம் வராங்க. பேச மாட்டாங்க. கிட்ட வந்து உட்காருவாங்க."

"இப்போ...?"

"இப்போ வயித்துல கை வெச்சிருக்காங்க." கண்ணில் நீர் வழிந்தது. "பிள்ளையும் சத்தம் போடக்கூடாதாம். காலையிலேர்ந்து பிள்ள அசையவே இல்லைங்க..."

தேவதாஸ் பாய்ந்து அவளைத் தூக்கினார். அப்போது அவருடைய புறங்கையில் ஏதோ பட்டது. சுவர் இல்லை. துணியும் இல்லை.

ஈரமாக... சில்லென்று... ஐந்து விரல்.

அலறினார். அந்த அறையில் ஒரு வாரத்தில் எழுந்த முதல் பெரிய சத்தம் அதுதான்.

சேதுராமன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தாங்கிப் பிடித்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். வெயில் முகத்தில் விழுந்ததும் கமலவேணி வாய்விட்டு அழுதாள். பழைய குரல். அழுகைக்கு நடுவே சட்டென்று நிறுத்தி, அவர் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள்.

பிள்ளை உதைத்தது.

அவர்கள் அந்த வீட்டுக்குள் மறுபடி கால் வைக்கவில்லை. தெங்கேராவில் கமலவேணியின் அண்ணன் தம்பிராஜா வீட்டில் தங்கினார்கள். சாமான்களைச் சேதுராமன்தான் ஆள் வைத்து எடுத்துவந்தார். படங்களையும் நெகட்டிவையும் யோவே தன் ஸ்டூடியோவின் பின்னால் போட்டுக் கொளுத்தினார். செப்டம்பர் கடைசியில் பெண்குழந்தை பிறந்தது. தெருவுக்கே கேட்கும்படி அழுதது. தேவதாஸ் வாசலில் நின்று அந்த அழுகையைக் கேட்டுக் கும்பிட்டார்.

மறுவருஷம் ஒரு நாள் சேதுராமன் தெங்கேராவுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. கமலவேணி காப்பி வைத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"அந்த வீட்ட இடிக்கிறாங்க, தேவா. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர் இருக்கே... அது சுவரே இல்ல. பலகைக் கதவு. சுவர் மாதிரி தெரியணும்னு மேல சுண்ணாம்பு அடிச்சிருக்கு."

"உள்ள?"

"ஒரு ஆள் உட்கார்ற எடம். ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல பொம்பளைங்கள ஒளிச்சு வெச்ச எடம்னு சொல்றாங்க. சோல்ஜர் தேடி வந்தா உள்ள போய் சத்தம் போடாம உட்கார்ந்துக்கணும். ஒரு நாள் வீட்டு ஆளுங்க எல்லாரையும் லாரியில ஏத்திட்டுப் போயிட்டான். யாரும் திரும்பி வரல. உள்ள ஒருத்தி இருக்கான்னு சொல்ல ஊர்ல ஆள் இல்ல. வீடு காலியாவே கெடந்திருக்கு."

"அவ...?" என்றார் தேவதாஸ்.

"எலும்புதான் இருந்துச்சு. முழங்கால மடக்கி உட்கார்ந்தபடி. வயித்துகிட்ட... சின்னச் சின்ன எலும்பு."

தேவதாஸ் உள்ளே கமலவேணி இருக்கும் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"வெளிய பூட்டிட்டாங்களா அண்ணே? அவளால தெறக்க முடியலையா?"

சேதுராமன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"வெளிப்பக்கம் பூட்டே இல்ல, தேவா. தாழ்ப்பாள் உள்பக்கம். அவ போட்டது... போட்டபடியே இருந்துச்சு."