சரக்கைக் கழித்தால் அரை

பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் அந்தக் கம்பெனியில் அவளைக் கணக்கம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முதலாளி அவளுடைய அக்கா வீட்டுக்காரர். அத்தானுக்கு வாய் நிறையப் பேச்சு, தாராளமான கை. எண்ணைக் கண்டால் மட்டும் கண் சொருகிவிடும்.

அந்த வருஷக் கணக்கை முடித்தபோது, வருஷத்துக்குள் கொடுக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு நடப்புச் சொத்து, அதாவது ரொக்கமும் வர வேண்டிய பாக்கியும் சரக்கும், இருந்தது. வங்கிக்காரர்களுக்கு அந்த விகிதமே போதுமானதாக இருந்தது. ஆனால் அதில் முக்கால்வாசி, கிடங்கில் கூரை முட்ட அடுக்கிய பைகள். அவற்றில் அச்சடித்திருந்த கார்ட்டூன் பூனையைப் பிள்ளைகள் எப்போதோ மறந்துவிட்டார்கள். சரக்கைக் கழித்துப் பார்த்தால் விகிதம் அரைதான்.

அத்தானோ இருக்கிற ரொக்கத்தில் புது மெஷின் வாங்கத் துடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் அறைக்குப் போனாள்.

"அத்தான், நடப்பு விகிதம் ரெண்டு இருக்கு. ஆனா விரைவு விகிதம் பாயிண்ட் அஞ்சுதான்."

"அப்படின்னா?"

"ஒண்ணுக்குக் கீழ போகக்கூடாது."

"சரிம்மா, பாத்துக்கலாம்."

அவருக்குப் புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவருக்கும் சொல்ல வேண்டுமா என்று ஒரு சலிப்பு. சொல்லியாகிவிட்டது, நம் வேலை முடிந்தது என்று எழுந்து வந்துவிட்டாள்.

மெஷின்கள் வந்தன. பெரிய கடைக்காரர் ஒருவர் பாக்கியை இழுத்தடித்தார். துணி வியாபாரி இனி கடனுக்குத் தர முடியாதென்று கையை விரித்தார். சம்பளம் தள்ளிப்போனதும் தையல்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் பூனைப் பைகள் எடைக்குப் போயின, அக்காவின் வீடும் கைமாறியது.

இப்போது அத்தான் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய வாடகை வீட்டில் சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"இவ அன்னைக்கே சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கல."

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "நான் சரியா சொல்லல அத்தான்," என்றாள். "கடன்காரங்க எல்லாரும் ஒண்ணா வந்து நின்னா, பாதிப் பேருக்குத்தான் நம்மகிட்ட பணம் இருந்துது. மீதிப் பேருக்குப் பையைத்தான் நீட்டணும். அதைத்தான் சொல்ல வந்தேன்."

அத்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா விஷயம்? இது எனக்குப் புரிஞ்சிருக்குமேம்மா."

அக்கா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.